புலிக்குக் காவல், திருக்கைக்குக் கத்தி

"புலியையும் திருக்கையையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. பினாங்கின் பைராம் தோட்டத்திலிருந்து நிபோங் திபால் சந்தைக்கு மீன் வாங்கப் போகிறவர் அதைக் கேட்கிறார். உலகப் புலி நாளான ஜூலை 29 வந்தால் பிள்ளைகளுக்குப் புலி ஓவியப் போட்டி வைக்கும் ஆசிரியரும் அதையே கேட்கிறார். அவர்கள் சொல்லும் நியாயம் இதுதான்: புலி காட்டுக்கு அரசன், நாட்டுக்குச் சின்னம், அழியும் தறுவாயில் நிற்கும் உயிர். திருக்கை ஒரு மீன். மீன் என்றால் பெருகிக்கொண்டே இருக்கும். கடலில் அள்ள அள்ளக் குறையாது. புலிக்குக் காவல் வேண்டும், திருக்கைக்கு மிளகாயும் புளியும் போதும்.

படித்தவர், படிக்காதவர், அதிகாரி, மீன்காரர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட எண்ணம் இது. எல்லாரும் ஒப்புக்கொண்டதாலேயே யாரும் இதைச் சோதித்துப் பார்த்ததில்லை. நான் இதை முழுதாக மறுக்கிறேன். புலிக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு குன்றிமணி அளவும் குறையக் கூடாது. மலேசியக் காட்டில் 1950களில் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, 150க்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. அந்தப் புலிகளுக்கு எவ்வளவு செய்தாலும் தகும். என் வழக்கு திருக்கையைப் பற்றியது. ஆனைத் திருக்கை, கொம்புத் திருக்கை, உழுவை, வேளா என்று கடலில் திரியும் பெரிய திருக்கை இனங்கள், புலிக்குச் சமமான காவலுக்கு உரியவை. சில வகையில் பார்த்தால் புலியைவிட அதிகமான காவலுக்கு உரியவை.

பெருக்கக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். எதிர்வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

பெண்புலி மூன்று நான்கு வயதில் தாயாகிவிடும். கர்ப்பகாலம் மூன்றரை மாதம். ஒரு ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டி. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் ஈனும். ஆனைத் திருக்கை எட்டுப் பத்து வயதுக்கு முன் தாயாவதில்லை. வயிற்றில் ஓர் ஆண்டுக்குமேல் சுமக்கும். சுமப்பது பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு இரண்டு ஆண்டும் ஆகலாம், ஐந்து ஆண்டும் ஆகலாம். நாற்பது ஆண்டு வாழக்கூடிய உயிர் அது. அத்தனை நீண்ட ஆயுளில் ஒரு பெண் திருக்கை ஈனும் குட்டிகள் நான்கு முதல் ஏழு வரைதான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒரு நல்ல பெண்புலி இரண்டு ஈற்றிலேயே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடும். அப்படியானால் "பெருகும்" என்ற சொல் யாருக்குப் பொருந்துகிறது?

நாம் ஏமாறுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் திருக்கைக்குப் பக்கத்திலேயே கெம்போங் மீன் கிடக்கிறது. கெம்போங் ஒரு பருவத்தில் பல்லாயிரம் முட்டை விடும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் கூட்டம் குறையாது. ஒரே பனிக்கட்டிப் பெட்டியில், ஒரே தராசில், ஒரே ஆள் கையால் விற்கப்படுவதால், இரண்டும் ஒரே மாதிரி வாழ்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். வாழ்க்கை முறையில் திருக்கைக்கும் கெம்போங்குக்கும் இருக்கும் தூரம், யானைக்கும் எலிக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது.

நம்பாதவர்கள் காலைச் சந்தையில் மீன்காரர் ஒரு பெரிய திருக்கையை வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் அதை மல்லாக்கப் புரட்டுவார். வெள்ளை வயிறு, நடுவே வாய், அதன் கீழே இரு பக்கமும் ஐந்தைந்து செவுள் கீற்றுகள். இரண்டு சிறகையும் தோளோடு அறுத்து எடுப்பார். விலை போவது அதுதான். பிறகு வயிற்றைக் கீறுவார். சினைத் திருக்கையாக இருந்தால் உள்ளே முட்டைக் கொத்து இருக்காது. குட்டி இருக்கும். ஒன்றோ, இரண்டோ, சில இனங்களில் நாலோ. ஒவ்வொன்றும் தன் சிறகைப் பாய் சுருட்டியதுபோல் உடம்பைச் சுற்றிச் சுருட்டி வைத்திருக்கும். கண் திறந்திருக்கும். வால் முழுதாக வளர்ந்திருக்கும். வாலில் முள் இருந்தாலும் தாயின் வயிற்றைக் கிழித்துவிடாதபடி மெல்லிய உறை மூடியிருக்கும். வலையில் சிக்கிய அதிர்ச்சியிலேயே பல தாய்கள் படகிலேயே குட்டியை ஈன்றுவிடுகின்றன. அந்தக் குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. கொட்டும் திருக்கைகளிலும் ஆனைத் திருக்கையிலும், தாயின் கருப்பைச் சுவரிலிருந்து பால் போன்ற ஊட்டநீர் சுரக்கிறது. குட்டி அதைக் குடித்துத்தான் வளர்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று நம் வீடுகளில் சுறாவும் திருக்கையும் பூண்டு போட்டுச் சமைத்துக் கொடுக்கிறோம். அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. என் தாய்க்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். ஆனால் வயிற்றுக்குள் பால் சுரந்து குட்டி வளர்க்கும் ஓர் உயிரைப் பற்றி, "அது மீன்தானே" என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

புலிக்கு வாய்ப்புக் கொடுத்தால் அது மீண்டு வரும். இதற்குச் சான்று கண் முன்னே இருக்கிறது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1,411 புலிகள். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 3,682. நேபாளத்தில் 2009இல் 121, 2022இல் 355. காட்டைக் காத்து, மானையும் பன்றியையும் காத்து, வேட்டைக்காரனை விரட்டினால், பதினைந்து ஆண்டுக்குள் புலி இரண்டு மடங்காகும், மூன்று மடங்காகும். மலேசியாவும் மனம் வைத்தால் இது நடக்கும். ஆனைத் திருக்கைக்கு அதே பதினைந்து ஆண்டு கொடுத்துப் பாருங்கள். இன்று பிறந்த பெண் குட்டி தாயாகவே எட்டுப் பத்து ஆண்டு ஆகிவிடும். மிச்சம் இருக்கும் காலத்தில் அது இரண்டு மூன்று குட்டி ஈன்றால் அதிகம். தவறு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ளும் அவகாசத்தைப் புலி நமக்குத் தருகிறது, திருக்கை தருவதில்லை. அதனால்தான் திருக்கைக்குக் காவல் முன்கூட்டியே வேண்டும் என்கிறேன்.

கடலில் எதுவும் அழிந்துபோகாது என்று இன்னும் ஒருவர் சொல்லக்கூடும். அவருக்கு ஜாவாவைக் காட்டுகிறேன். நமக்குப் பக்கத்துத் தீவுதான். ஜாவாவில் ஒரு புலி இனம் இருந்தது. 1970களுக்குப் பிறகு அதன் தடம் உறுதியாகக் கிடைக்கவில்லை. அழிந்துவிட்டது என்று பிறகு அறிவித்தார்கள். அதே ஜாவாவில், கொட்டும் திருக்கைக்கு உறவான ஒரு சின்னத் திருக்கை இனமும் இருந்தது. சாப்பாட்டுத் தட்டளவுதான் இருக்கும். 1862இல், அன்று பத்தாவியா எனப்பட்ட ஜகார்த்தாவின் மீன் சந்தையில் ஓர் ஆய்வாளர் ஒன்றை விலைக்கு வாங்கினார். அறிவியலுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். 2023 டிசம்பரில் அந்த இனமும் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதச் செயலால் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் கடல்மீன் இனம் அது. அதுவும் ஒரு திருக்கைதான்.

இரண்டு மரணத்துக்கும் நாம் காட்டிய துக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2019இல் மேற்கு ஜாவாவில் ஒரு வேலியில் ஒற்றை மயிர் கிடைத்தது. அது ஜாவாப் புலியின் மயிராக இருக்கலாம் என்று 2024இல் ஓர் ஆய்வு சொன்னதும் உலகம் முழுக்கச் செய்தியானது. வேறு அறிவியலாளர்கள் அதை மறுத்தும் எழுதினார்கள். அந்த விவாதம் நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் திருக்கையின் மரணச் செய்தியை இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? சந்தையில் அது கடைசியாக எந்த நாளில் விற்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. விற்றவருக்கும் தெரிந்திருக்காது, வாங்கிக் குழம்பு வைத்தவருக்கும் தெரிந்திருக்காது. அது மீன் என்று பெயர் பெற்றிருந்ததால் யாரும் எண்ணவில்லை.

மலேசியாவில் சட்டமும் இந்தப் பெயரின் பின்னாலேயே போயிருக்கிறது. புலி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் கீழ் வருகிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அதற்குப் பொறுப்பு. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட் வரையும் சிறையைப் பதினைந்து ஆண்டு வரையும் உயர்த்தினார்கள். பிரதமரே தலைமை தாங்கும் புலிப் பணிக்குழுவும் இருக்கிறது. திருக்கை, மீன்வளச் சட்டம் 1985இன் கீழ் வருகிறது. கடலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எந்த வலையால் எடுக்கலாம் என்று சொல்வதற்காக எழுந்த சட்டம் அது. அதன் கீழ் 1999இல் அழியும் மீன்களுக்கென்று ஒரு விதி வந்தது. வேளாவும் திமிங்கிலச் சுறாவும் அதில் இடம்பெற்றன. ஆனைத் திருக்கையின் இரண்டு இனங்களைச் சேர்க்க இருபது ஆண்டு ஆனது, 2019இல்தான் சேர்த்தார்கள். அந்தத் திருத்தத்திலும் கொம்புத் திருக்கைகளுக்கு இடமில்லை, உழுவைக்கும் இடமில்லை. அதே 2019இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உழுவை இனங்களையும் அவற்றின் நெருங்கிய உறவினங்களையும் ஆராய்ந்தது. பதினாறு இனங்களில் பதினைந்து மிகக் கடுமையான அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவித்தது. மலேசியப் புலி இருக்கும் படியும் அதே படிதான்.

ஒரே தட்டில் வைக்க முடியுமா என்று கேட்டீர்களே, இந்தியச் சட்டம் வைத்துவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி இருக்கிறது. 2001இல் அதே அட்டவணையில் வேளாவையும், பெரிய உழுவையையும், முள் போர்த்த ஒரு திருக்கை இனத்தையும், கங்கைத் திருக்கையையும் சேர்த்தார்கள். புலியைக் கொன்றவன் மேல் பாயும் அதே பிரிவு வேளாவைக் கொன்றவன் மேலும் பாயும். தமிழகக் கடற்கரையில் அந்தச் சட்டத்தை எவ்வளவு நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பது தனி வழக்கு, அதில் எனக்குத் திருப்தி இல்லை. ஆனாலும் கொள்கை அளவில் தில்லி கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டதைப் பார்த்து, இங்கே நாம் இன்னும் வியந்துகொண்டிருக்கிறோம்.

"மீனவர் திருக்கையைத் தேடிப் போவதில்லை, வலையில் அதுவாக வந்து விழுகிறது. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?" என்று ஒரு கேள்வி உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மலேசியக் காட்டில் புலியைக் கொல்வதில் பெரும்பங்கு எது? சுருக்குக் கம்பி. பன்றிக்கும் மானுக்கும் வைத்த கம்பியிலும் புலி மாட்டுகிறது. கம்பி வைத்தவன், "நான் பன்றிக்குத்தான் வைத்தேன்" என்று சொன்னால் நீதிமன்றம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடாது. கம்பி வைப்பதே குற்றம் என்கிறோம், ஆயிரக்கணக்கான கம்பிகளைக் காட்டுக்குள் தேடிப்போய் அறுத்து எடுக்கிறோம். மலாக்கா நீரிணையின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவை வலை, கடலின் சுருக்குக் கம்பி. இறாலுக்கு இழுத்த வலையில் திருக்கை வருகிறது. மலேசியாவில் கரையேறும் திருக்கைகளில் பெரும்பகுதி இழுவை வலையில் வந்ததுதான். காட்டில் செல்லாத சாக்கு கடலில் மட்டும் எப்படிச் செல்லும்?

அடுத்தது கம்பீரம். புலியைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது, திருக்கையைப் பார்த்தால் என்ன வரும் என்கிறார்கள். புலியும் திருக்கையும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அது பிள்ளைகளின் கேள்வி, அவர்களிடம் கோபம் இல்லை. பெரியவர்களும் மனத்துக்குள் அதே கேள்வியை வைத்துக்கொண்டு, பல்லும் நகமும் உள்ளதற்கு மதிப்பு, இல்லாததற்கு மதிப்பில்லை என்று முடிவு கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பெரிய ஆனைத் திருக்கையின் சிறகு விரிப்பு ஏழு மீட்டரை எட்டும். எடை ஒரு டன்னைத் தாண்டும். வளர்ந்த ஆண் மலேசியப் புலி நூற்று இருபது, நூற்று முப்பது கிலோதான். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அது தின்பது மிகச் சிறிய மிதவை உயிர்களை. ஆளைக் கொட்டும் முள் அதற்குக் கிடையாது. ஸ்டீவ் இர்வின் 2006இல் ஆஸ்திரேலியக் கடலில் திருக்கை முள் குத்தி இறந்ததால் எல்லாத் திருக்கையையும் கொலைகாரனாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அது வேறு இனம், அந்த மரணமும் அரிதிலும் அரிது.

மீன்களிலேயே மிகப் பெரிய மூளை ஆனைத் திருக்கைக்குத்தான். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், தொட்டிக்குள் கண்ணாடி வைத்தபோது அவை தம் பிம்பத்தின் முன் திரும்பத் திரும்ப வந்து, துடுப்பை அசைத்துப் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அது தன்னறிவுதானா என்று விவாதம் இருக்கிறது. விவாதிக்கத் தகுந்த உயிர் என்பதே எனக்குப் போதும். புலி ஒவ்வொன்றையும் அதன் வரியை வைத்து அடையாளம் காணலாம். புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் இந்தியாவின் நாகரஹொளெ காட்டில் தானியங்கிக் கேமரா வைத்துப் புலிகளை எண்ணியது அந்த வரிகளை நம்பித்தான். ஆனைத் திருக்கையின் வயிற்றில் கரும்புள்ளிகள் இருக்கின்றன. ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு இல்லை, சாகும்வரை மாறுவதும் இல்லை. முக்குளிப்பவர்கள் எடுக்கும் படங்களை வைத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனி உயிர் என்று வயிற்றிலேயே எழுதி வைத்திருக்கும் ஒரு பிராணியை நாம் கிலோ கணக்கில் நிறுக்கிறோம்.

"புலி நம் மரபில் இருக்கிறது, சோழன் கொடியில் இருக்கிறது. திருக்கை எங்கே இருக்கிறது?" என்று தமிழ்ப்பற்று உள்ளவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. இதற்கு விடை பட்டினப்பாலையில் இருக்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய நூல் அது. அதில் சுங்க அதிகாரிகள் சரக்கு மூட்டைகள்மேல் கரிகாலனின் புலி முத்திரையைப் பொறிக்கிறார்கள். புலி அரசனின் சின்னம், வரி வாங்கும் அதிகாரத்தின் சின்னம். அதே நூலில் பரதவர் சேரியும் வருகிறது. உவா நாளில் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. சினைச் சுறாவின் கொம்பை முற்றத்தில் நட்டு, அதில் தங்கள் தெய்வத்தை ஏற்றி வழிபடுகிறார்கள். எந்தச் சுறாவுக்குக் கொம்பு இருக்கிறது? இருபக்கமும் பல் வைத்த வாள்போல மூக்கு நீண்ட வேளாவுக்குத்தான் இருக்கிறது.  வேளா பார்வைக்குச் சுறாபோல் இருந்தாலும் அதன் செவுள்கள் அடிவயிற்றுப் பக்கம் இருக்கின்றன. சுறாவுக்கு அவை விலாவில் இருக்கும். உடற்கூற்றில் வேளா திருக்கைக் குலத்தைச் சேர்ந்தது, ஆறு மீட்டருக்கும்மேல் வளரக்கூடியது.

ஒரே நூல், ஒரே பட்டினம். அரசனின் முத்திரையில் புலி, மீனவனின் முற்றத்தில் திருக்கைக் குலத்தின் கொம்பு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் இரண்டையும் ஒரே பாட்டுக்குள் வைத்துவிட்டான். அரசன் புலியைப் பிடித்துக்கொண்டான், உழைப்பவன் வேளாவைக் கும்பிட்டான். பிறகு வந்த நாம் அரசனின் விலங்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். பரதவர் வணங்கியது சினைப்பட்ட தாயின் கொம்பு என்பதையும், அந்த நாளில் அவர்கள் கடலில் இறங்கவில்லை என்பதையும் மறந்துவிட்டோம். அந்தப் பட்டினத்துக்குச் சரக்கு வந்த ஊர்களில் காழகமும் ஒன்று. அதைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. கடாரம் இன்றைய கெடா. பைராம் தோட்டம் இருக்கும் செபராங் பிறை மண்ணும் 1800 வரை கெடா சுல்தானின் மண்தான். இந்தக் கடற்கரைக்கும் அந்தப் பாட்டுக்கும் உறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி, ஏழையின் சோறு. எதிர்வாதங்களில் நான் மதிக்கும் வாதம் இது ஒன்றுதான், அதனால் ஒளிக்காமல் பேசுகிறேன். தோட்டத்துச் சமையலில் திருக்கைக் கருவாட்டுக்கு ஓர் இடம் உண்டு. கோழி வாங்க முடியாத வாரத்தில் குழம்புக்கு மணம் கொடுத்தது அது. ஆனால் இன்று திருக்கை ஏழையின் மீனா? சம்பால் தடவி வாழையிலையில் வைத்துச் சுடும் ஈக்கான் பாக்கார் கடைகளில் அதற்குத்தான் முதல் மரியாதை. யாரும் சீந்தாத மீனாக இருந்தது போய், சுற்றுலாப் பயணி தேடி வந்து தின்னும் மீனாகிவிட்டது. ஆனைத் திருக்கை, கொம்புத் திருக்கைகளின் செவுள் தட்டுகள் காய்ந்து மருந்துச் சரக்காகச் சீனாவின் குவாங்சோ வரை போகின்றன. உழுவையின் துடுப்பு சுறாத் துடுப்புச் சூப்புக்குப் போகிறது. இந்த வியாபாரத்தில் ஏழையின் வயிறு எங்கே நிறைகிறது? 1970க்குப் பிறகு உலகப் பெருங்கடல்களில் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு குறைந்திருக்கிறது என்று 2021இல் கணக்குக் காட்டினார்கள். மிச்சமும் தீர்ந்தபின் முதலில் பட்டினி கிடப்பவன் சிறிய படகு வைத்திருக்கும் கரையோர மீனவன்தான். திருக்கையைக் காப்பது அவனுக்கு எதிரானது என்று சொல்பவர்கள், அவன் பெயரைச் சொல்லிப் பெரிய இழுவைப் படகுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

எல்லாத் திருக்கையையும் தொடாதே என்று நான் சொல்லவில்லை. விரைவாக வளர்ந்து பெருகும் சின்ன இனங்கள் உண்டு, அவற்றை அளவோடு பிடிக்கலாம். எந்த இனம் எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பெயரில் நிறுத்து விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பைராமுக்கு வருகிறேன். ராம்ஸ்டன் குடும்பத்தின் கரும்புத் தோட்டமாக இருந்து, ரப்பராகி, எண்ணெய்ப்பனையாகிய இடம் இது. கரும்பு வெட்ட வந்த நம் முன்னோர் காலத்தில் இந்தச் செபராங் பிறைக் காட்டில் புலி இருந்தது. இன்று பினாங்கு மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒரு காட்டுப்புலி கிடையாது. பார்க்க வேண்டுமானால் பேராக் மாநிலத்தின் பெலும் காட்டுப் பக்கம் போக வேண்டும், போனாலும் அது கண்ணில் படாது. ஆனால் பைராமின் மேற்கு ஓரத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. அதற்கு அப்பால் சேற்றுத்திட்டும் கடலும் இருக்கின்றன. வற்றத்தில் தெரியும் அந்தச் சேற்றில் திருக்கை இரை தோண்டிய குழிகளைப் பார்க்கலாம். வாயால் நீரைப் பீய்ச்சி, மண்ணைக் கிளறி, நண்டையும் புழுவையும் எடுத்துத் தின்றுவிட்டுப் போன பள்ளங்கள் அவை. அந்தக் கிளறலில்தான் சேற்றுக்குள் காற்று இறங்குகிறது, அடியில் கிடக்கும் சத்து மேலே வருகிறது. அலையாத்தி ஓரத்து ஆழமில்லாத நீர் பல திருக்கை இனங்களின் குட்டிகள் வளரும் இடம். பைராம் பிள்ளைகளின் சொந்தக் காட்டுயிர் எது என்றால், இந்தத் திருக்கைதான்.

அந்தக் காட்டை ஒட்டித்தான் புலாவ் பூரோங் குப்பைமேடு இருக்கிறது. பினாங்கு மாநிலத்தின் வீட்டுக்குப்பை அங்கேதான் வந்து சேர்கிறது. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தது. மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே அரணாக நிற்பது அந்த அலையாத்தி மரங்கள் மட்டும்தான். அங்கே ஒரு புலி இருந்திருந்தால் அமைச்சர் வந்திருப்பார், கேமரா வந்திருக்கும், வேலி போட்டிருப்பார்கள். இருப்பது திருக்கை என்பதால் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. உழுவை இனங்களையும் கொம்புத் திருக்கைகளையும் 1999ஆம் ஆண்டு விதியின் பட்டியலில் மத்திய அரசு சேர்க்க வேண்டும். கரையேறும் திருக்கைகளை இனம் பிரித்து எழுதும் ஆட்களை நம் பக்கத்து இறங்குதுறைகளிலும் மீன்வளத்துறை வைக்க வேண்டும். பைராம் அலையாத்தியை மாநில அரசு ஓர் அங்குலமும் குறைக்கக் கூடாது. நிபோங் திபால் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, அடுத்த ஜூலையில் புலி வரையச் சொல்லும்போது பக்கத்தில் ஒரு திருக்கையையும் வரையச் சொல்லுங்கள். படகு வைத்திருக்கும் அண்ணன்மாரே, உயிரோடு வரும் உழுவையையும் சினைத் திருக்கையையும் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். சந்தைக்குப் போகும் அக்காமாரே, சினையாகத் தெரியும் திருக்கையைக் காட்டி, "இது வேண்டாம்" என்று மீன்காரரிடம் சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லாத சரக்கை அவர் நாளைக்கு ஏலத்தில் எடுக்க மாட்டார்.